எழுவான்கரையும் படுவான்கரையும்

எமது புவியியல் பாடவேளை ஒன்றில் டீச்சர் சீனாவின் படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு, யாங்சி ஆற்றின் நடுப்பகுதியில் விரலை வைத்தார். ஆற்றுக்கு மேலே ஒரு மாகாணம், ஹுபெய். கீழே ஒரு மாகாணம், ஹுனான். சீன மொழியில் 'ஹு' என்றால் ஏரி, 'பெய்' என்றால் வடக்கு, 'நான்' என்றால் தெற்கு. அந்த ஏரியின் பெயர் டொங்டிங். ஏரிக்கு வடக்கே இருப்பவர்கள் ஹுபெய்க்காரர், தெற்கே இருப்பவர்கள் ஹுனான்காரர். கோடிக்கணக்கான மனிதர் வாழும் இரண்டு மாகாணங்களுக்கு அதற்கு மேல் ஒரு பெயர் தேவைப்படவில்லை.

"டீச்சர், இது எங்கட ஊர்க் கதைதானே" என்று நான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "எப்படி என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்றார். அந்த ஒரு பக்கம் வளர்ந்துதான் இந்தக் கட்டுரையாகியது.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து வந்து எமது கல்லூரியில் கற்கும் தோழியருக்காகச் சொல்கிறேன். எங்கள் வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயலும் காடும் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். ஹுனான்காரர் வடக்கையும் தெற்கையும் வைத்துத் தங்களை அழைத்தார்கள். நாங்கள் சூரியனை வைத்து அழைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நீர்தான்.

ஹுனான் மிகப் பெரியது. இலங்கையைப் போல மூன்று மடங்கு நிலம், மூன்று மடங்கு சனம். எங்கள் மாவட்டத்தின் முழுப் பரப்போ 2,854 சதுர கிலோமீற்றர்தான். அளவில் ஒப்பிட ஒன்றுமில்லை. நீரும் நெல்லும் மனிதரும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்று பார்த்தால்தான் ஒப்பீடு வருகிறது. சீனாவுக்கும் எமக்கும் சம்பந்தமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1911இல் காலியில் கிடைத்த ஒரு கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. அதைக் கொண்டுவந்த கடற்படைத் தலைவர் செங் ஹே ஒரு முஸ்லிம். இது இக்கட்டுரையின் விடயமல்ல; ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி வாவிக்கு வருவோம். வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு இது கிடக்கிறது. புத்தகத்தில் 'வாவி', 'களப்பு' என்றெல்லாம் எழுதுகிறோம். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு அது 'ஆறு'. ஆற்றங்கரை, ஆற்று மீன், ஆற்று இறால் என்றுதான் பேச்சு. ஒருமுறை பரீட்சையில் நான் 'ஆறு' என்று எழுதிப் புள்ளி இழந்திருக்கிறேன். புவியியல்படி டீச்சர் சொன்னதுதான் சரி. ஆறு ஓடும், இது ஓடுவதில்லை, நிரம்பும், வற்றும். மட்டமான களப்பு என்பதால் மட்டக்களப்பு என்ற பெயர் வந்தது என்பர். சிங்களத்தில் 'மட' என்றால் சேறு, 'களப்புவ' என்றால் களப்பு. சேற்றுக் களப்பு என்று அதற்கும் ஒரு பொருள் கூறுவர். இரண்டு பொருளும் எங்கள் ஆற்றுக்குப் பொருந்துகிறது. ஆழம் குறைவு, அடியில் சேறு.

இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். எங்கள் மழையின் பெரும் பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு, நவம்பர் முதல் ஜனவரி வரை வந்துவிடுகிறது. மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வழியும். மகிழவெட்டுவான் ஆறு, நவகிரி ஆறு முதலியன சேறும் விறகும் ஆற்றுவாழையும் அள்ளிக்கொண்டு வந்து வாவியில் கொட்டும். அப்போது நீர் நன்னீராகி, நிறமும் தேநீர் போல மாறும். ஆற்றுவாழை பச்சைத் தீவுகளாக மிதந்து போவதைப் பாலத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். தோணிக்காரருக்கு அது அழகாக இருக்காது. மழை முடிந்து மாசி, பங்குனி கடந்ததும் நீர் வற்றும். கடல் அலையும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து வாவியின் வாயை மூடிவிடும். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க, மிஞ்சியது உவர்க்கும். கடல் நீர் உட்புகுந்த இடங்களில் இன்னும் உவர்க்கும்.

வாவிக்குக் கடலோடு பேச இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று வடக்கே பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில். மற்றையது தெற்கே கல்லாற்றில். இவ்வாய்கள் திறக்கும் காலமும் மூடும் காலமும்தான் இரு கரைகளின் சோற்றையும் கறியையும் தீர்மானிக்கின்றன. இதை எனக்கு விளக்கியது பாடநூல் அல்ல. எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டு வரும் ஒரு நானாதான்.

இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போது முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வருகிறது. கண்டல் வேர்களுக்கிடையில் ஒளிந்து, தின்று, வளர்கிறது. பெரிதானதும் திரும்பக் கடலுக்குப் போக முயல்கிறது. மணலை, திரளி போன்ற மீன்களும் இவ்வாறு கடலுக்கும் வாவிக்கும் போய் வருகின்றன. ஆகவே வாய் ஒருபோதும் திறக்காவிட்டால் புதிய குஞ்சு வராது. வாய் பொருந்தாத நேரத்தில் திறந்துவிட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் இறால் நீரோடு நீராகக் கடலுக்குப் போய்விடும். வலைக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதே முகத்துவாரத்தை அக்கரை விவசாயி வேறு கண்ணால் பார்க்கிறார். மாரி வெள்ளாமை கார்த்திகை, மார்கழியில் பயிராக நிற்கும். வாவி நிரம்பினால் முதலில் மூழ்குவது படுவான்கரையின் தாழ்ந்த வட்டைகள். நெற்பயிர் முழுதாக நீருக்குள் சில நாட்கள் கிடந்தால் அழுகிவிடும். ஆகவே அவர் "ஆற்றுவாயை வெட்டுங்கள்" என்று கேட்பார். மீனவர் "கொஞ்சம் பொறுங்கள்" என்பார். பின்பு அதிகாரிகள், விவசாயிகள், மீனவர் எல்லோரும் கூடிப் பேசி, ஒரு நாள் மணல் மேட்டை வெட்டிவிடுவார்கள். சிறு வாய்க்காலாகத் தொடங்கும் வெட்டு, நீரின் வேகத்தில் தானாகவே அகன்று ஆறாகிவிடும். நான் ஒருமுறை வாப்பாவுடன் போய்ப் பார்த்தேன். மண்ணிற நீர் நீலக் கடலுக்குள் ஒரு நாக்கைப் போல நீண்டு போனது. கரையில் நின்ற ஒருவர் கைதட்டினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தட்டவில்லை. முதலாமவர் வயல்காரர், மற்றவர் வலைக்காரர் என்று வாப்பா சொன்னார். வாப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

டொங்டிங் ஏரியும் இவ்வாறு நிரம்பி வற்றும் ஏரிதான். தெற்கிலிருந்து சியாங், சு, யுவான், லி என நான்கு ஆறுகள் அதில் விழுகின்றன. கோடை மழையில் யாங்சி பெருகும்போது, அதன் வெள்ளத்தில் ஒரு பகுதியையும் ஏரி வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆறு தணிந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. பெரிய வீட்டுக் கொல்லையில் வைத்த நீர்த்தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரியின் வண்டலில் விளைந்த நெல் சீனாவின் பல பாகங்களுக்கும் படகுகளில் போனது. ஹுனானும் ஹுபெய்யும் விளைந்தால் நாட்டுக்கே பசியில்லை என்ற பொருளில் சீனர் பேசிக்கொள்வர். அதிக விளைச்சல் தரும் கலப்பின நெல்லை யுவான் லாங்பிங் என்ற அறிஞர் 1973இல் உருவாக்கியதும் ஹுனானில் இருந்துதான்.

எங்கள் பக்கத்தில் படுவான்கரைக்கு அந்த மரியாதை உண்டு. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி என்று பெயர் சொன்னாலே நெல்லும் எருமைத் தயிரும் நினைவுக்கு வரும். அங்கே நிலம் வைத்திருந்தவர் போடியார். அவருக்காக வயலைப் பார்த்தவர் முல்லைக்காரர். அறுவடைக் காலத்தில் போடியாரும் வயல் வாடியில் போய்த் தங்குவார். எருமைகளைக் கட்டிச் சூடு மிதித்த களவெட்டியைப் பற்றி உம்மம்மா சொல்லும்போது, அவர் சின்னப்பிள்ளையாகவே மாறிவிடுவார். களவெட்டியில் நெல்லை நெல்லென்று சொல்லமாட்டார்களாம், 'பொலி' என்பார்களாம். அங்கே வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் பேச முடியாது.

போடியார் என்றதும் எல்லோரும் தமிழர் என்றோ, எல்லோரும் முஸ்லிம்கள் என்றோ நினைக்கக் கூடாது. இரு சமூகத்திலும் போடிமார் இருந்தார்கள். எழுவான்கரையில் எங்கள் ஊர் காத்தான்குடி. அதற்குத் தெற்கே ஆரையம்பதி தமிழ் ஊர். கரையோரம் நெடுகிலும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். எங்கள் ஊர் வியாபாரிகள் துணி, உப்பு, கருவாடு முதலியவற்றைத் தோணியில் ஏற்றி அக்கரைக்குப் போய், அறுவடை முடிந்ததும் நெல்லாக வாங்கி வருவர். காசு கண்ணிலே படாமலே ஒரு வருடக் கொடுக்கல் வாங்கல் நடந்துவிடும் என்று உம்மம்மா சொல்வார்.

எங்கள் சமூகம் இங்கே எப்போது வந்தது? 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்ததை வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டபோது பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றதும், அதற்காக முக்குவர் அவர்களுக்குப் பெண் கொடுத்ததும் கதையாக வருகிறது. கதை எந்த அளவுக்கு உண்மை என்று பெரியவர்கள் பேசட்டும். ஆனால் ஒரு விடயம் இன்றும் கண்முன் இருக்கிறது. 'குடி' என்னும் தாய்வழி முறை மட்டக்களப்புத் தமிழரிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. ஒரு பிள்ளை தாயின் குடியைச் சேரும். மகள் திருமணம் முடித்தால் அவளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஐரோப்பியர் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, இங்கிருந்தே கண்டிக்குப் போய் மன்னனைச் சந்தித்தார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1795இல் பிரித்தானியர் வந்தனர். அந்தக் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. எங்கள் வீடுகளில் பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் அலைந்த கதைகளில் அந்த மதில் கட்டாயம் வரும். பாடுமீன் கதையும் வெள்ளைக்காரரைக் கவர்ந்தது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் ஓசை கேட்கும் என்பர். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் தாம் கேட்டதை எழுதியிருக்கிறார். பாடுவது மீனா, சேற்றில் இருக்கும் ஊரியா என்பது வேறு கேள்வி. நான் இரண்டு முறை போய்க் காது வைத்தேன். கேட்டது வாகனச் சத்தம்.

பாலங்களைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவ்வளவு நீரைக் கடப்பதுதான் எங்கள் வரலாறு. கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கியது. பல தலைமுறை அதன் ஒற்றை வழியில் காத்துநின்று போனது. 2013இல் அதற்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்தது. பட்டிருப்புப் பாலமும் வலையிறவுப் பாலமும் அக்கரைக்குப் போகும் வழிகள். மற்ற இடங்களில் 'பாதை'தான். வெளியூர்த் தோழியருக்கு இது விளங்காது: இங்கே பாதை என்றால் வீதியல்ல, மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் அப்படிப் பாதை ஓடியது. எங்களுக்குப் பக்கத்தில் மண்முனைப் பாதை. அதுதான் என் மூத்தவாப்பா தமது வயலுக்குப் போன வழி.

மர்ஹூம் மூத்தவாப்பாவுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. அதைப் பார்த்தவர் ஒரு தமிழ் முல்லைக்காரர். அவர் எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு எருமைத் தயிர்ச் சட்டிகளோடு வருவார் என்று உம்மா சொல்வார். பிறகு 1990 வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அயல் தமிழ்க் கிராமங்களிலும் நிரபராதிகள் கொல்லப்பட்டார்கள். ஆறு அப்போதுதான் உண்மையான எல்லையாகியது. அதற்குப் பிறகு மூத்தவாப்பா அந்த வயலை மிதிக்கவில்லை. அப்படியே வபாத்தானார்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. எனக்கு அப்போது ஆறு வயது. அடுத்த வருடம் உம்மம்மாவும் மாமாமாரும் வாகனம் பிடித்துப் போனார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. "இவ்வளவுதானா?" என்று உம்மம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. வயலில் நெல் நின்றது. முல்லைக்காரர் இறந்துவிட்டார், அவருடைய மகன் செய்துகொண்டிருந்தார். வரம்பு மாறவில்லை என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லோரும் அழுது, தேநீர் குடித்து, கணக்குப் பேசி, முடிவில் அந்த வயலை அவருக்கே விற்றோம். நியாயமான விலை என்று மாமா சொல்வார். வயல் செய்ய எங்கள் வீட்டில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. மாமாமார் கடை வைத்திருக்கிறார்கள், ஒருவர் கட்டாரில்.

இப்போது குடியையும் வீட்டையும் நினைவுபடுத்துகிறேன். வயல் விற்ற காசில் எங்கள் பங்கு ராத்தாவின் வீட்டுக்குப் போனது. காத்தான்குடி இலங்கையில் சனநெருக்கம் மிகக் கூடிய ஊர்களுள் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே ஆறு, வடக்கேயும் தெற்கேயும் வேறு ஊர்கள். ஒவ்வொரு வீட்டிலும் மகள்மார். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு. வளவைப் பிரித்துப் பிரித்து, பிரிக்க முடியாத நிலை வந்ததும் என்ன செய்வது? எங்கள் வளவின் பின்பக்கம் ஆறு வரை போகிறது. இடித்த வீட்டுக் கல், உடைந்த ஓடு, குப்பை எல்லாவற்றையும் போட்டு, மேலே கிறவல் கொட்டி, மதில் கட்டினோம். அங்கே நின்ற கண்டல் மரங்கள் போயின. ராத்தாவின் வீடு அந்த மண்ணில்தான் நிற்கிறது. அக்கரையில் விற்ற நிலத்தை இக்கரையில் ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று சொல்லலாம். எங்கள் வீடு மட்டும் இப்படிச் செய்யவில்லை. இதை வாசிக்கும் பலருக்கும் நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

டொங்டிங் ஏரியைப் பற்றிப் பிறகு நான் தேடிப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீற்றராக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் 2,700க்கும் கீழ். மலையிலிருந்து வந்த வண்டல் ஒரு காரணம். மனிதர் கரைகட்டி, ஏரியின் ஓரத்தை வயலாக்கியது மற்றக் காரணம். ஒவ்வொரு கிராமமும் தனக்கு வேண்டிய சிறு துண்டைத்தான் எடுத்தது. சனம் கூடியது, சோறு வேண்டும், யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் நீர்த்தொட்டி பாதியாகிவிட்டது. 1998இல் யாங்சி பெருகியபோது அந்த நீருக்குப் போக இடமில்லை. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன் பின் சீன அரசு கரைகளை உடைத்து, சில வயல்களைத் திரும்ப ஏரிக்கே விட்டது. அங்கிருந்த குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றியது. பெரிய அரசால் அப்படி ஆணையிட முடிந்தது. 2003இல் ஹுபெய்யில் உள்ள முப்பள்ளத்தாக்கு அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அதிலிருந்து ஏரிக்கு வரும் வண்டல் குறைந்தது, வறட்சியில் நீரும் குறைகிறது. ஒரு பிரச்சினைக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று முளைக்கிறது.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு பெரிய அணை உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. தெற்கே வெள்ளாமை பெருகியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. (ஹுனானும் ஹுபெய்யும் முன்பு ஹுகுவாங் என்ற ஒரே மாகாணம்தான், 17ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டன.) மாவட்ட எல்லை மாறினாலும் வாவி மாறவில்லை. அதன் தென்முனை இப்போது அடுத்த மாவட்டத்தைத் தொடுகிறது.

2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் நீர் வந்தது. எனக்கு நினைவில்லை, என்னைத் தொட்டிலோடு மேசையில் வைத்ததாக உம்மா சொல்வார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளியில் தென்னைகள் எல்லாம் சரிந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியைத் தாண்டி ஆற்றுக்குள் விழுந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் மண்ணில் வாழ்பவர்களுக்கு இவை புதிதல்ல. ஆனால் வெள்ளம் வேறு மாதிரி. சூறாவளிக்கும் சுனாமிக்கும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. வாவி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதில் எங்கள் மதில்களுக்கும் பங்குண்டு. இக்கரையில் ஆற்றை ஒடுக்கினால், அதே மழைக்கு நீர் மட்டம் இன்னும் கொஞ்சம் உயரும்; அக்கரையில் அந்த முல்லைக்காரரின் மகனுடைய வயல் இன்னும் ஒரு நாள் கூட நீருக்குள் கிடக்கும். அவர் ஆற்றுவாயை முன்கூட்டியே வெட்டச் சொல்வார். வெட்டினால் எங்கள் நானாவின் இறால் போய்விடும். கண்டல் இல்லாத கரையில் இறால் குஞ்சுக்கு ஒளிய இடமுமில்லை. ஆகவே சிலர் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைப் போட்டு, இருக்கும் குஞ்சையும் அள்ளுகிறார்கள்.

இன்னொன்று கிணறு. எங்கள் மணல் நிலத்தின் அடியில் மழைநீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மேலே மிதக்கிறது. நல்ல நீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. அதனால்தான் கடலுக்கும் உவர் வாவிக்கும் நடுவில் இருந்தும் எங்கள் பழைய கிணற்றில் தேநீர் போட நல்ல நீர் உண்டு. ராத்தாவின் வளவில் தோண்டிய கிணற்றில் உப்பும் நாற்றமும். கல்லும் குப்பையும் போட்டு நிரப்பிய மண்ணுக்கு அந்த வில்லை இல்லை. அவர் எங்கள் கிணற்றிலிருந்துதான் குடத்தில் எடுத்துப் போகிறார்.

இக்கட்டுரையை எழுதி முடித்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். ஹுனான் வந்த இடத்தில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. ராத்தாவின் வீடு வந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டு, "இதெல்லாம் புத்தகத்தில போடவா?" என்று கேட்டார். போடுவேன் என்றேன். பின்வளவில் ராத்தாவின் மதிலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. அதில் நாணல் நிற்கிறது, மாரியில் முழங்கால் அளவு நீர் நிற்கும். அது எனக்கு என்று வீட்டில் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு லோட் கல்லும் வந்து வீதியோரம் கிடக்கிறது.

"அந்தத் துண்டை நிரப்ப வேணாம் உம்மா" என்றேன்.

உம்மா கோபப்படவில்லை. மீனைக் கழுவி, நீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து கேட்டார்: "அப்ப ஒனக்கு ஊட்டை எங்க புள்ள கட்டுற?"